செயலாராய்ச்சி: காபிப் பழ சீசனில் எப்படி அளப்பது?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு இல்லை, ஒன்றாம் இடத்தில் எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. பத்துக் குச்சிக் கட்டை அவர்களே அவிழ்த்துக் கழிக்கட்டும், அதையே செயலாராய்ச்சியாக, அதாவது தன் வகுப்புச் சிக்கலுக்கு ஆசிரியரே ஒரு வழியைச் செய்துபார்த்து ஆராய்வதாக, பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.

திட்டமிடு, செய், கவனி, திரும்பிப் பார் என்ற சுழற்சியெல்லாம் பி.எட்.டில் படித்ததுதான். அதற்கான அடிப்படையை உளவியலாளர் குர்ட் லெவின் 1946-லேயே எழுதிவைத்துவிட்டார். சிக்கல் வேறு. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே காபிப் பழப் பறிப்பு, வருகை குறைந்துவிடும். முன்தேர்வு எழுதிய பிள்ளை பின்தேர்வுக்கு இருக்காது. அவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் முடிவு அழகாகத்தான் வரும், ஆனால் பொய்க்கணக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் செய்யும் தவறின் வகையை வாராவாரம் குறித்துவந்தால் போதுமா? கருமந்துறை, கொல்லிமலைப் பக்கம் இப்படிச் செய்தவர்கள் இருந்தால், பிள்ளைகள் பெயரை மறைத்துவிட்டுப் பதிவேட்டில் ஒரு பக்கம் படமெடுத்துப் போடுங்களேன்.