பாடத்திட்டத்தை மாணவர்களோடு சேர்ந்து போட்ட அனுபவம் உண்டா?

புள்ளியியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன். ஒரு பருவம், முதல் வகுப்பிலேயே “என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்” என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. பாடமே தெரியாதவர்களிடம் அப்படிக் கேட்டது என் தப்பு. அடுத்த முறை, பாடத்தை முடித்துவிட்டுப் போன நாலு பேரிடம் பழைய திட்டத்தைக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் ஆறாவது வாரத்தில் விரலை வைத்தார்கள். நிகழ்தகவுப் பரவல்களை (எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற கணக்கை) எல்லாம் நடத்திவிட்டு, அப்புறம்தான் உண்மையான தரவைக் கண்ணில் காட்டுகிறேனாம். அதுவரை எதற்குப் படிக்கிறோம் என்றே புரியவில்லையாம். எட்டு வருஷமாக நடத்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை. முதல் வாரமே தரவு, தேவைப்படும் இடத்தில் பரவல் என்று மாற்றினோம்.

மதிப்பெண்ணில்தான் இழுபறி. இறுதித் தேர்வுக்கு 60 என்பது விதி, தொட முடியாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மீதி 40-இல் குழுத் திட்டத்துக்கு 25 கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்து வந்த வகுப்போ, “இந்தக் குழு வேலையை யார் கேட்டது?” என்றது! நியாயம்தானே, கேட்டது வேறு ஆட்கள். இப்போது அந்த 25-ஐ எதற்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு வகுப்பும் முதல் இரண்டு வாரத்தில் பேசி முடிவு செய்கிறது.

*

நான் மறுபக்கம். பாடத்திட்டக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். ஆய்வக அறிக்கையை ஒரே மாதிரி இரண்டு முறை எழுத வைப்பதை நிறுத்தச் சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மாறியது அட்டை மட்டும். முடியாது, காரணம் இது என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூடப் போதும். இப்போது ஜூனியர்கள் கருத்துக் கேட்புக்குப் போகணுமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

*

வரலாற்றுத் துறையிலிருந்து. மத்திய கால இத்தாலியில், பொலோஞா பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களே ஆசிரியர்களை அமர்த்தின. தாமதமாக வந்தாலும், கடினமான பகுதியைத் தாண்டிப் போனாலும் அபராதம். இதை வகுப்பில் சொன்னதும் எனக்கு ஒரு அபராதப் பட்டியல் தயாரானது, அது தனிக்கதை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்றும் டீகால் என்ற பெயரில், ஒரு பேராசிரியரின் பொறுப்பில், மாணவர்களே பாடம் அமைத்து நடத்துகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு வாரத்தை மட்டும் இரண்டு மாணவிகளிடம் விட்டேன். வாசிக்க 11 கட்டுரைகள் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் அவர்களே அதை மூன்றாகக் குறைத்து அனுப்பினார்கள்.