வீட்டில் ஊதுபத்தி செய்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் ஊதுபத்தி உருட்டுவது பெரிய வேலை இல்லை, அதைக் காய வைப்பதுதான் வேலை. யூடியூபில் பார்க்கும் செய்முறையெல்லாம் "இரண்டு நாள் நிழலில் உலர்த்தவும்" என்று முடியும். மதுரைக்கு அது சரி. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். டிசம்பர், ஜனவரி மழையில் எங்கள் ஈசூன் வீட்டில் ஒரு வாரம் ஆனாலும் பத்தி நசநசவென்றே இருக்கும், அப்புறம் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். சரி, வெயிலில் வைக்கலாமே என்றால், மேல்புறம் முதலில் காய்ந்து வெடித்துவிடும். கொளுத்தும்போது துண்டு துண்டாக உதிரும். இரவில் ஏர்கான் போட்டுத் தூங்கும் அறையில் தட்டில் பரப்பி, தினமும் புரட்டிவிடுவதுதான் எனக்குச் சரிவந்த வழி. ஏர்கான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். தூங்குகிறவர்களுக்கு வெட்டிவேர் வாசம் இலவசம்.

அளவெல்லாம் கரண்டிக் கணக்குதான். சந்தனத்தூள், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கொஞ்சம் கிராம்பு எல்லாம் சேர்த்து இரண்டு பங்கு. கரித்தூள் ஒரு பங்கு, ஜிகட் ஒரு பங்கு. ஜிகட் ஒரு மரப்பட்டையின் தூள். தண்ணீர் பட்டால் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக மைதா போடலாம் என்பவர்களை நம்பாதீர்கள், சாமி அறையில் ரொட்டி கருகிய வாடை வரும். மற்றவை தேக்காவில் (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஜிகட்டை மட்டும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைக்கிறேன். கரித்தூளைக் கேட்காதீர்கள், தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள்.

பூ விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். காய்ந்த ரோஜாவையும் மல்லிகையையும் அரைத்துப் போட்டால் எரியும்போது சருகு வாடைதான் வரும். அந்த மணம் லேசாக ஆவியாகிற எண்ணெயில் இருப்பது, காயும்போதே பெரும்பகுதி போய்விடும். ரம்பை இலையும் அப்படித்தான், சோற்றில் போட்டால்தான் அதற்கு அழகு. மரம், வேர், பிசின், இவைதான் நெருப்பைத் தாங்கும்.

* * *

அக்கா, காய வைக்கிற பாட்டைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பிடோக்கில் எங்கள் மாடியில் ஒரு சீன அங்கிள், வயது எழுபதுக்கு மேல். இள வயதில் கோயில் ஊதுபத்திப் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து உருட்டுவதைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "எதற்கு இத்தனை தண்ணீர்?" என்று மலாயில் கேட்டார்.

அவர்கள் கைமுறையில் மாவு பிசைவதே இல்லையாம். மூங்கில் குச்சிகளைக் கத்தையாகப் பிடித்து, நுனியிலிருந்து முக்கால்வாசி வரை தண்ணீரில் நனைத்து, உலர்ந்த தூளில் புரட்டி விசிறிபோல் விரித்து உதறுகிறார்கள். மறுபடி நனை, மறுபடி தூள். நாலைந்து சுற்றில் தடிமன் வந்துவிடுகிறது. ஒட்டுகிற பட்டைத்தூளை முன்பே அந்தத் தூளில் கலந்து வைத்திருக்க வேண்டும். என் கையில் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் உதறியதும் தனித்தனியாகப் பிரிந்தன. அந்த மணிக்கட்டு நமக்கு எங்கே வரும்! இருந்தாலும் பிசைந்து உருட்டியதைவிடச் சீக்கிரம் காய்கிறது. பார்க்க வழவழப்பாக இருக்காது, கொஞ்சம் சொரசொரப்புதான்.

இன்னொன்று, கட்டிச் சாம்பிராணி வேண்டுமென்றால் அரபுத் தெருப் பக்கம் போங்கள். கெமென்யான் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சுமத்ராவில் விளைகிற பிசின், பக்கத்து ஊர்ச் சரக்கு. ஆனால் பத்தித்தூளில் கொஞ்சமாகத்தான் சேர்க்கலாம். கூடினால் உருகி வழிந்து நெருப்பை அணைத்துவிடும்.

* * *

புது வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பொங்கோலில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அத்தை தினமும் பத்தி ஏற்றுகிறார், அது வாய் திறந்ததில்லை. எந்தக் கலவை நன்றாக எரிகிறது என்று பார்க்க நான் கூடத்தில் வரிசையாகக் கொளுத்தி வைத்த அன்று அலறிய அலறலில் எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஓடி வந்துவிட்டார். வந்தவர் திட்டவில்லை, அகில் கலந்தது எது என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றாக, ஜன்னல் ஓரமாகச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், நாமே செய்த புகையும் புகைதான்.

பிடோக் தம்பி, அந்த அங்கிளிடம் குச்சி எங்கே வாங்குவது என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். நான் இறைச்சி கோத்துச் சுடுகிற சத்தே குச்சியை வைத்து ஓட்டுகிறேன். அது தடிமன், பாதியிலேயே அணைந்துவிடுகிறது.