எலுமிச்சை மணம் மட்டும் ஏன் சீக்கிரம் ஓடிவிடுகிறது?

கேள்வி:
பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி தராத மெல்லிய சென்ட் தேடுகிறேன். எலுமிச்சையும் மல்லிகையும் கலந்தது என்றால் எனக்கு உயிர். இப்போது வைத்திருப்பதில், காலையில் அடித்தால் முதல் கூட்டம் முடிவதற்குள் எலுமிச்சை காணாமல் போய், மரவாசம்தான் மிஞ்சுகிறது. போலியா?

பதில் 1:
இதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. எலுமிச்சை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற வேதிப்பொருள், சட்டென்று ஆவியாகும். மல்லிகை அதைவிட நிற்கும், செடார் மரவாசமும் மஸ்க் என்கிற கஸ்தூரி வாசமும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். 2001இல் வந்த டோல்சே அண்ட் கபானா லைட் ப்ளூ என்ற சென்டிலும் இதே வரிசைதான். கடையில் முகர்ந்த சூட்டில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்! கையில் அடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு முடிவெடுங்கள்.

பதில் 2:
நெரோலி சேர்ந்ததை முகர்ந்து பாருங்கள். கசப்பு ஆரஞ்சுப் பூவை நீராவியில் வடித்தது. பூவாசத்துக்குள்ளேயே புளிப்பு இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
என் தோல் வறண்டது. அதுவும் காரணமா?

பதில் 1:
ஆம். வாசனையில்லாத லோஷன் தடவி, அதன்மேல் அடியுங்கள். அப்போதும் எலுமிச்சை மாலைவரை வராது. சிறு குப்பி ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.