கலைச்சொல்: அசுவினிக்கு ‘செயல்வரம்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோதுமையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பற்றி, வயலில் பயன்படுத்தும் குறிப்பு அட்டை ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் ஒரு சொல் தடையாக நிற்கிறது. பூச்சி மேலாண்மையில் இரண்டு அளவுகள் உண்டு. பூச்சியால் போகும் விளைச்சலின் மதிப்பும் அதைத் தடுக்க ஆகும் செலவும் சரிக்குச் சரியாகும் எண்ணிக்கை ஒன்று. அந்த எண்ணிக்கையை எட்டவிடாமல் நிறுத்த, நாம் வேலையில் இறங்கவேண்டிய எண்ணிக்கை இன்னொன்று. இரண்டாவது எப்போதும் குறைவு. 1959இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் ஆகிய நால்வரும் இவற்றைத் தனித்தனியே வரையறுத்தார்கள். நம் துண்டறிக்கைகளிலோ பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘பொருளாதார சேத நிலை’.

இதனால் வயலில் கெடுதல் உண்டு. ‘சேத நிலை’ என்று படிக்கும் விவசாயி சேதம் கண்ணில் படும்வரை பொறுப்பார். கதிரில் அசுவினி கழிக்கும் தேன்பிசுக்கு வடிந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து, இலை மஞ்சளாகும்போது மருந்தடித்தால் பூச்சி சாகும், போன மணி எடை திரும்பாது.

இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும் என்பதற்கு அமெரிக்கச் சோயா அசுவினி நல்ல சான்று. அங்கே செடிக்கு ஏறத்தாழ 674 அசுவினி வந்தால்தான் இழப்பும் செலவும் சமமாகும். ஆனால் இறங்கச் சொல்வது செடிக்குச் சராசரி 250 இருக்கும்போதே, அதுவும் எண்ணிக்கை ஏறுமுகமாக இருந்தால். இடைவெளி சுமார் ஒரு வாரம்: மருந்து வாங்க, ஆள் பிடிக்க, மழையோ காற்றோ ஓயக் காத்திருக்க.

என் முன்மொழிவு: முதலாவதற்கு ‘இழப்புச் சமநிலை’, இரண்டாவதற்கு ‘செயல்வரம்பு’. ‘தெளிப்பு வரம்பு’ என்றும் யோசித்தேன். ஆனால் தெளிப்பது மட்டுமே செயல் அல்ல. இரை விழுங்கிகளை விடுவதும் செயல்தான்.

* * *

வணக்கம் ஐயா,

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ‘வரம்பு’ எங்களுக்கு முதலில் வயல் வரம்புதான். நீங்கள் வரப்பு என்பது. அட்டையில் ‘ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி எண்ணவும்’ என்று நிச்சயம் வரும். அதையே எங்கள் ஆட்கள் ‘வரம்பிலிருந்து உள்ளே’ என்று எழுதுவார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு வரம்பு. இருந்தாலும் ‘செயல்’ முன்னால் ஒட்டிக்கொண்டு வருவதால் மயக்கம் வராது என்றே நினைக்கிறேன். சேர்த்தே எழுதவேண்டும், ‘செயல் வரம்பு’ என்று பிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

என் கவலை வேறு. வயது வரம்பு, வேக வரம்பு, உணவில் மருந்து எச்ச வரம்பு எல்லாம் ‘இதுவரை போகலாம், இதைத் தாண்டாதே’ என்ற பொருளில் நிற்பவை. இங்கே எட்டியவுடனேயே இறங்கவேண்டும். ஆகவே வினையையும் சேர்த்துப் பழக்குவோம்: ‘செயல்வரம்பை எட்டியது’ என்றே எழுதுக, ‘தாண்டினால்’ வேண்டாம்.

இன்னொன்று, அசுவினியை இங்கே அழுக்கணவன் என்போம். சோளம் என்றால் எங்களுக்கு மக்காச்சோளம், உங்கள் சோளம் எங்களுக்கு இறுங்கு. தானியப் பயிர் அட்டையில் இவற்றை அருகருகே போடாவிட்டால் ஒரு கரைக்கு எழுதியது மறு கரைக்கு உதவாது.

* * *

ஐயா இருவருக்கும் வணக்கம்.

> முதலாவதற்கு ‘இழப்புச் சமநிலை’

இதை ஏற்க முடியவில்லை. இந்த இரண்டு அளவுகளையும் காட்டும் வரைபடத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இருக்கிறது: யாரும் தலையிடாதபோது, நீண்ட காலச் சராசரியாகப் பூச்சி நிற்கும் இயற்கைச் சமநிலை. ஒரு படத்தில் இரண்டு ‘சமநிலை’ இருந்தால் மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? ‘பொருளாதார சேத நிலை’ ஏற்கெனவே ஊன்றிய சொல். அதை முதலாவதற்கே ஒதுக்கிவிடுவோம். கணக்கும் அதற்குத்தான் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஏக்கருக்குத் தெளிப்புச் செலவு 800 ரூபாய், கோதுமை கிலோ 25 ரூபாய், மருந்து இழப்பில் 80 விழுக்காட்டைத் தடுக்கும் என்று வைத்தால், 40 கிலோ இழப்பை உண்டாக்கும் எண்ணிக்கையே சேத நிலை. விலை 20 ரூபாயானால் அது 50 கிலோவாகும். சந்தை மாற மாற இது நகரும். அட்டையில் அச்சடித்த எண் அப்படியே கிடக்கும். இந்த உண்மையை அட்டையிலேயே சொல்லியாகவேண்டும்.

‘செயல்வரம்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம், அது பூச்சியின் எண்ணிக்கையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ‘பூச்சி எண்ணிக்கை வரம்பு’ என்று சிலர் எழுதுவது இதனாலேயே தவறு. பஞ்சாபில் கோதுமைக்குப் பரிந்துரை கதிருக்கு 5 அசுவினி, அது எண்ணிக்கை. பிரிட்டனில் கோடையில் பார்ப்பது அசுவினி தொற்றிய தூர்களின் (ஒரே செடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளின்) பங்கு: பூக்கும் முன் பாதித் தூர்களில், பூக்கத் தொடங்கியபின் மூன்றில் இரண்டு பங்கில் அசுவினி இருந்தால் இறங்கலாம். மணி முற்ற இரண்டு வாரமே இருக்கும்போது தெளித்துப் பயனில்லை.

பிரிட்டனிலேயே இலையுதிர் காலத்தில் கதை வேறு. அப்போது பயம் சாறு உறிஞ்சுவதல்ல, கோதுமையையும் தாக்கும் பார்லி மஞ்சள் குட்டை வைரஸ். பறந்துவரும் அசுவினி ஒரு செடியில் வைரஸை இறக்குகிறது. அதன் சிறகில்லாத சந்ததிதான் நடந்துபோய் வயலெங்கும் பரப்புகிறது. ஆகவே அங்கே பூச்சியை எண்ணாமல் அன்றாட வெப்பநிலையைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். பயிர் முளைத்த நாளிலிருந்து, அன்றன்றைய சராசரி வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவோ அதைக் கூட்டி வந்து, 170 ஆனதும் இரண்டாம் தலைமுறை புறப்படும் நேரம் என்று கொள்கிறார்கள். சராசரி 11 டிகிரி என்றால் நாளுக்கு 8. 22ஆம் நாளில் எட்டிவிடும். இதுவும் செயல்வரம்புதான்.

எண்ணுவதில் நடக்கும் பிழைகளையும் கலைச்சொல் பதிவிலேயே சேர்க்கவேண்டும். அசுவினி உரித்துப்போட்ட வெள்ளைத் தோலைப் பலர் உயிருள்ள பூச்சியாக எண்ணிவிடுகிறார்கள். நுனிவிரலால் தொட்டால் தோல் உதிரும், பூச்சி காலை அசைக்கும். உப்பி, பழுப்பாகி, இலையோடு ஒட்டிக் கிடப்பது ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளரும் உடல். அதை எண்ணிக்கையில் சேர்ப்பது ஒரு தவறு. அதைப் பார்த்த பிறகும் அவசரமாகத் தெளித்துக் குளவியையும் கொல்வது இன்னொரு தவறு. தானிய அசுவினி கதிருக்கு ஏறும், ரோஜா தானிய அசுவினி இலையில் இருக்கும். கதிரை மட்டும் பார்த்தால் பின்னது தப்பிவிடும்.

* * *

மூன்றாவதாக எழுதிய அம்மையார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் முன்மொழிந்த ‘இழப்புச் சமநிலை’யை எடுத்துவிடலாம். நன்மை செய்யும் உயிர்களைப் பற்றி ஒரு சேர்க்கை. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குத் தூருக்கு 1 என்பதை, குத்துக்கு (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகளுக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 என்று ஏற்கெனவே தமிழ்நாட்டில் உயர்த்திச் சொல்கிறோம். அந்தப் பழக்கம் இருக்கும்போது, அசுவினி அட்டையில், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கும் சிர்பிட் ஈயின் புழுவுக்கும் இடம் விடாமல் எழுதக்கூடாது.

பதிவின் வரைவு:

செயல்வரம்பு (பெயர்ச்சொல்): பயிர்ப் பூச்சி, பொருளாதார சேத நிலையை எட்டாமல் தடுக்க, கட்டுப்பாட்டு வேலையைத் தொடங்கவேண்டிய அளவு. எண்ணிக்கையாகவோ, தொற்றிய செடிகளின் பங்காகவோ, கூட்டு வெப்பமாகவோ தரப்படும். பயிர், பூச்சி, பருவம், அலகு ஆகிய நான்கையும் சொல்லாமல் தனி எண்ணாக எழுதலாகாது. ஆட்சி: ‘10 இடங்களில் பத்துப் பத்துக் கதிராகப் பார்த்ததில் கதிருக்குச் சராசரி 3 அசுவினி; செயல்வரம்பை எட்டவில்லை; நான்கு நாளில் மீண்டும் எண்ணவும்.’

ஒற்று மிகாது: செயல்வரம்புகள். ஒற்று மிகும்: செயல்வரம்பைக் குறி, செயல்வரம்புக்குக் கீழ். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் சோள அசுவினி அட்டையிலும் இதையே போடுகிறேன்.