அவசரம்: பூனை ஊசிப்போன மீன் குழம்பு தின்னுடுச்சு, என்ன மருந்து குடுக்கலாம்?

மியாவ்_வீடு: கீழ கொட்டலாம்னு சிங்க் ஓரமா வெச்சிருந்த குழம்பு. நான் பாக்கறதுக்குள்ள சட்டியை நக்கிடுச்சு. வாந்தி எடுத்துட்டு கட்டிலுக்கு அடியில போய் படுத்திருக்கு. மெடிக்கல்ல என்ன வாங்கலாம்? சீக்கிரம் ப்ளீஸ்.

சேலத்துக்காரி: எப்ப தின்னுச்சு? குட்டியா பெருசா? எத்தனை தடவை வாந்தி, ரத்தம் இருந்துச்சா? தடுப்பூசி போட்டிருக்கா? எந்த ஊரு? ஒண்ணுமே சொல்லலையேம்மா.

காசிமேடு_பையன்: என்ன மீன்? அயிலை, மத்தியை வெளியில வெச்சா ஹிஸ்டமின்னு அலர்ஜி மாதிரி பண்ற ஒரு விஷம் சேந்துடும், திரும்பக் கொதிக்க வெச்சாலும் போகாது. மூஞ்சி வீங்கியிருக்கா பாருங்க. நான் சொல்றேன், இது அதான்.

ராணி67: உப்புத்தண்ணி கரைச்சு ஊத்துங்க, மிச்சமும் வெளிய வந்துடும். எங்க ஆத்தா அப்படித்தான் பண்ணும்.

பூனையார்: உப்புத்தண்ணி ஊத்தாதீங்க, ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரும். அடுத்து ஒருத்தர் வந்து ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு சொல்வார், அதுவும் பூனைக்கு ஆகாது, இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும். மாசாமாசம் இதையே எழுதறேன். பழைய இழையைத் தேடிப் படிச்சா கை தேஞ்சிடுமா? குழம்புல வெங்காயம், பூண்டு இருந்துச்சா? மீனை விட அதான் வம்பு. சிவப்பணுவை உடைக்கும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சுதான் ஈறு வெளுக்கும், மூத்திரம் கருஞ்செவப்பா போகும்.

ராணி67: எங்க தெருப் பூனை எல்லாம் மீன் குழம்புச் சோறு தின்னுதான் வளருது. எல்லாம் பிஸ்கட் கம்பெனிக்காரன் கிளப்பி விட்டது.

பூனையார்: அந்தத் தெருப் பூனைங்க எத்தனை வயசு வரைக்கும் இருக்குன்னு எப்பவாவது பாத்தீங்களாம்மா?

ராணி67: உங்களுக்கு வாய் ஜாஸ்தி தம்பி. பாலாவது குடுக்கச் சொல்லுங்க, விஷம் முறியும்.

சேலத்துக்காரி: பால் விஷத்தை முறிக்காதுக்கா. பெரிய பூனை நிறையத்துக்கு பால் செரிக்காது, பேதிதான் ஆகும்.

மியாவ்_வீடு: சங்கரா மீன். சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் உண்டு. ஒரு வயசு தாண்டின பொண்ணு. நாங்க சென்னை. தண்ணி கூட குடிக்கல, உடம்பு சுடுது. பாராசிட்டமால் சிரப் இருக்கு, ரெண்டு சொட்டு தரலாமா?

பூனையார்: தராதீங்க!! பூனை ஈரலால அதைக் கழிக்க முடியாது, ஒரே ஒரு மாத்திரை கூட கொன்னுடும். பூனைக்கு சாதாரணமாவே 101, 102 டிகிரி இருக்கும், கைக்கு சூடாத்தான் தெரியும். உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. பக்கத்துல யாரும் இல்லன்னா வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி. குழம்புல என்னென்ன போட்டீங்கன்னு சொல்லுங்க, வாந்தியை போட்டோ எடுத்துக்கோங்க.

காசிமேடு_பையன்: சங்கராவா... அதுல ஹிஸ்டமின் அவ்வளவா சேராது. ஆனா கடையில என்ன மீனைக் குடுத்தானோ, யாரு கண்டா.

சேலத்துக்காரி: என்னாச்சும்மா? போனீங்களா?

ராணி67: ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்குல புடுங்கிடுவாங்க.

பூனையார்: வேப்பேரி அரசாங்க ஆஸ்பத்திரி, அக்கா.

மியாவ்_வீடு: ட்ரிப்ஸ் ஏத்தி வாந்திக்கு ஊசி போட்டாங்க. ரத்தம் பாக்க திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. தேங்க்ஸ்.

காசிமேடு_பையன்: மூஞ்சி வீங்கியிருந்துச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

ராணி67: அப்போ தயிர் சோறு குடுக்கலாமா, கூடாதா?

பூனையார்: தனி இழை போடுங்கக்கா.