அசைன்மென்ட் ஏத்தியும் 'சப்மிட் ஆகல'ன்னு பூஜ்யம் போட்டுட்டாங்க, என்ன பண்றது?

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் செகண்ட் இயர் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல இருந்து எங்களுக்கு எல்லா பேப்பரும் எல்எம்எஸ்ல தான் (காலேஜ் பாடம் நடத்துற ஆன்லைன் தளம்), நோட்ஸ், அசைன்மென்ட், குவிஸ் எல்லாமே அதுக்குள்ள. போன வாரம் ஒரு அசைன்மென்ட் இருந்துச்சு, கடைசி தேதிக்கு முந்தின நாள் ராத்திரியே பிடிஎஃப் ஏத்திட்டேன், ஃபைல் பேரு ஸ்க்ரீன்ல நல்லா தெரிஞ்சுது, சரி முடிஞ்சுதுன்னு மூடிட்டு படுத்துட்டேன். இன்னைக்கு மார்க் பாத்தா பூஜ்யம். உள்ள போய் பாத்தா 'டிராஃப்ட், சப்மிட் ஆகல'ன்னு இருக்கு. மூணு நாள் உக்காந்து எழுதுனதுங்க, மனசே ஆறல.

இன்னொண்ணு, 30 நிமிஷ குவிஸ், பாதில நெட் போயிடுச்சு, நான் திரும்ப உள்ள வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சுது. மார்க் வந்திருக்கு, ஆனா கடைசியா போட்ட ரெண்டு பதில் அதுல இல்ல. இதெல்லாம் மேடம் கிட்ட சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. பேசாம அந்த ஃபைல அழிச்சிட்டு மறுபடி ஏத்தி சப்மிட் குடுத்துடவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரும்பலகை:

அழிக்காதீங்க, தயவுசெஞ்சு அந்த ஃபைல தொடவே தொடாதீங்க. நான் காலேஜ்ல பாடம் எடுக்குறவ, அதனால அந்தப் பக்கம் இருந்து எங்களுக்கு என்ன தெரியும்னு சொல்றேன். உதாரணத்துக்கு மூடுல்ங்கிற எல்எம்எஸ்ல மாணவர் டிராஃப்ட்டா விட்டுட்டு போன ஃபைலும் எங்க லிஸ்ட்ல வரும், பக்கத்துலயே கடைசியா எப்போ மாத்துனாங்கன்னு தேதியும் நேரமும் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே வேலை முடிஞ்சிருந்துச்சுங்கிறதுக்கு உங்க கிட்ட இருக்குற ஒரே நல்ல சாட்சி அந்த நேரம் தான். இப்போ போய் மாத்துனீங்கன்னா அது இன்னைக்கு தேதிக்கு மாறிடும்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, அசைன்மென்ட் போடும்போது 'மாணவர் சப்மிட் பட்டன் அழுத்தணும்'னு ஒரு செட்டிங் இருக்கு. ஆசிரியர் அத ஆன் பண்ணா ஃபைல் ஏத்தி சேவ் பண்றது ஒரு படி, அப்புறம் தனியா சப்மிட் குடுக்குறது இன்னொரு படி. ஆஃப்ல இருந்தா சேவ் பண்ணாலே போதும். ஒரே காலேஜ்ல ஒரு சார் ஆன்லயும் இன்னொரு மேடம் ஆஃப்லயும் வெச்சிருப்பாங்க, பசங்க குழம்பாம என்ன பண்ணுவாங்க? இது உங்க தப்பு மட்டும் இல்ல, இத வகுப்புல சொல்லிக்குடுக்க வேண்டியது எங்க வேலை.

மேடமுக்கு சுருக்கமா ஒரு மெயில் போடுங்க. பேப்பர் பேரு, அசைன்மென்ட் பேரு, எத்தனை மணிக்கு ஏத்துனீங்க, இப்போ டிராஃப்ட்னு காட்டுது, நேரத்த பாத்துட்டு ஏத்துக்க முடியுமா மேடம்னு கேளுங்க. அவ்வளவு போதும், பக்கம் பக்கமா வருத்தம் எழுத வேணாம். ஏத்துக்கணும்னு அவங்க முடிவு பண்ணா உங்க ஒருத்தருக்கு மட்டும் கெடு நீட்டிக் குடுக்கவும் வழி இருக்கு.

சர்வர்ரூம்:

மேடம் சொன்னது சரி. நான் ஒரு காலேஜ் எல்எம்எஸ் சர்வர பாத்துக்குறேன், குவிஸ் பத்தி மட்டும் சொல்றேன்.

டைமர் ஓடுறத உங்க நெட் போனது நிறுத்தாது, பிரவுசர மூடுனாலும் அது ஓடிக்கிட்டே தான் இருக்கும். மூடுல் குவிஸ்ல நீங்க போடுற பதில் தானா சேவ் ஆகும், வழக்கமா ஒரு நிமிஷ இடைவெளில, அப்புறம் அடுத்த பக்கம் போகும்போதும் சேவ் ஆகும். நெட் போன அப்புறம் போட்ட பதில் உங்க ஸ்க்ரீன்ல தெரியும், ஆனா சர்வருக்கு வந்திருக்காது, உங்க ரெண்டு பதிலும் அப்படித்தான் போயிருக்கும்னு நெனைக்கிறேன். நெட் கட் ஆச்சுன்னா மேல ஒரு எச்சரிக்கை வரும், அத பாத்தவுடனே பதில ஒரு தாள்ல குறிச்சு வெச்சிட்டு திரும்ப கனெக்ட் ஆகப் பாருங்க, அதே அட்டெம்ப்ட்டுக்குள்ள போய் விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

டைம் முடிஞ்சா என்ன ஆகும்ங்கிறதும் ஆசிரியர் வெக்கிற செட்டிங் தான். ஒண்ணு, அதுவரைக்கும் சேவ் ஆனத சிஸ்டமே சப்மிட் பண்ணிடும், உங்களுக்கு மார்க் வந்திருக்கறதால இது தான் இருக்கணும். இன்னொண்ணு, நீங்களே நேரத்துக்குள்ள சப்மிட் பண்ணலைன்னா அந்த அட்டெம்ப்ட்ட கணக்குலயே எடுக்காது, இது ரொம்ப கடுமை, நெட் சரியில்லாத பசங்க இருக்குற வகுப்புக்கு இத வெக்காதீங்கன்னு நான் எல்லா ஆசிரியர் கிட்டயும் கெஞ்சி கேக்குறேன். லாக்ல, அதாவது சர்வர் தானா எழுதி வெக்கிற பதிவேட்டுல, நீங்க எப்போ உள்ள வந்தீங்க, எந்தப் பக்கம் எப்போ திறந்தீங்கன்னு பதிவு இருக்கும். நடுவுல பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்லைன்னா அது நீங்க சொல்றதோட ஒத்துப்போகும், அத எடுத்துப் பாக்கச் சொல்லி கேக்குறதுல தப்பே இல்ல.

ரெண்டாம்பாதை:

நானும் மாணவன் தான் நண்பா, எனக்கு மூணு பேப்பர் மூணு எல்எம்எஸ்ல ஓடுது, தலை சுத்தும். கூகுள் கிளாஸ்ரூம்ல ஃபைல் அட்டாச் பண்ணா மட்டும் பத்தாது, 'டர்ன் இன்' அழுத்தணும். கெடு தாண்டுன அப்புறம் ஒரு எழுத்துப்பிழை திருத்தலாம்னு 'அன்சப்மிட்' குடுத்து திரும்ப குடுத்தா லேட்னு விழுந்துடும், எனக்கு அப்படி ஆச்சு. கேன்வாஸ்ல டியூ தேதி வேற, அசைன்மென்ட் மூடுற தேதி வேற, டியூ தாண்டுனாலும் மூடாம இருந்தா போடலாம், லேட்னு குறிச்சிக்கும் அவ்வளவு தான்.

நான் இப்போ என்ன பண்றேன்னா, சப்மிட் ஆனதும் பக்கத்த ரீஃப்ரெஷ் பண்ணி ஸ்டேட்டஸ் என்னன்னு வாய்விட்டு படிப்பேன், அப்புறம் ஏத்துன ஃபைல அங்க இருந்தே டவுன்லோட் பண்ணி திறந்து பாப்பேன், ஒரு தடவ பழைய வெர்ஷன் போயிருந்துச்சு, இப்படி பாத்ததால தான் தெரிஞ்சுது. அப்புறம் தேதியோட ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஃபோன்லயே எல்லாம் பண்றவங்க இன்னும் கவனமா இருங்க, சின்ன ஸ்க்ரீன்ல சப்மிட் பட்டன் கீழ போய் ஒளிஞ்சிக்கும். ப்ரொஃபைல்ல டைம்சோன் சரியா இருக்கான்னும் பாத்துக்கோங்க, தப்பா இருந்தா கெடு நேரமே மாறித் தெரியும்.

ஆனா கரும்பலகை மேடம், ஒண்ணு கேக்கணும். ரெண்டு படி செட்டிங் எதுக்கு வெக்கணும்? எல்லாருமே ஆஃப் பண்ணிட்டா இந்தப் பிரச்சினையே வராதே?

கரும்பலகை:

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு வெக்கிறது உண்டு. பசங்க கடைசி நாள் வரைக்கும் டிராஃப்ட்ட மாத்திக்கிட்டே இருப்பாங்க, 'இது தான் இறுதி'ன்னு அவங்களே சொன்ன அப்புறம் நான் திருத்த ஆரம்பிக்கலாம். சின்ன வாராந்தர அசைன்மென்ட்டுக்கு அது தேவையே இல்ல, அதுல உங்க கட்சி தான் நான். அதோட, கெடு முடிஞ்சதும் டிராஃப்ட்ல யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு லிஸ்ட்ட ஒரு தடவ பாத்துட்டு அவங்களுக்கு ஒரு வரி மெசேஜ் போட ரெண்டு நிமிஷம் தான் ஆகும். நான் அது பண்ணாம பூஜ்யம் போடுறதில்ல.

மழைக்குருவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே மெயில் போட்டேன், நீங்க சொன்ன மாதிரி நாலே வரி. இன்னைக்கு காலைல மேடம் பதில் போட்டாங்க, டிராஃப்ட் நேரம் பாத்தாங்களாம், ஏத்துக்கிட்டு திருத்துறேன்னு சொல்லிட்டாங்க. எங்க வகுப்புல இன்னும் நாலு பேருக்கு இதே மாதிரி இருந்துச்சாம், அவங்களும் பயந்துக்கிட்டு கேக்கவே இல்ல, அவங்கள்தையும் பாக்குறேன்னு சொன்னாங்க. குவிஸ் பத்தி லாக் பாத்துட்டு சொல்றேன்னு தான் சொல்லியிருக்காங்க, அந்த ரெண்டு பதில் வராதுன்னு எனக்கே புரியுது, சர்வர்ல இல்லாதத யாரு குடுக்க முடியும். அடுத்த குவிஸ் வியாழக்கிழமை, பக்கத்துல தாளும் பேனாவும் வெச்சிட்டு தான் உக்காரப் போறேன்.