பி.டி. கத்தரிக்கு இன்னும் தடை தேவையா?

(தர்மபுரிப் பக்கத்து உழவர் மூவரும் ஓசூர் வழக்கறிஞர் ஒருவரும் பேசுகிறார்கள். உழவர்களுக்கு ஊரும் பயிருமே பெயர்.)

காரிமங்கலம் கத்தரி: காய்த்துளைப்பான் புழு காய்க்குள் இருக்கிறது, நாம் மருந்தை வெளியே அடிக்கிறோம். பறிக்கிற வாரத்திலும் அடித்துவிட்டு மண்டிக்கு அனுப்புகிற நிலைமை. ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து இந்தப் புழுவைத் தாங்கும்படி செய்ததுதான் பி.டி. கத்தரி. அதற்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி தந்தது. 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். வங்கதேசத்தில் 2014 முதல் பயிர் செய்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கூடாது?

அரூர் பருத்தி: அண்ணா, நாங்கள் பருத்தியில் பட்டதைக் கேளுங்கள். 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவு குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. இரண்டு மரபணு சேர்த்த விதைக்கும் அது அடங்கவில்லை. இப்போது விதைக்கும் காசு, மருந்துக்கும் காசு. பெரும்பாலும் வீரிய ஒட்டு, விதை எடுத்து வைத்து அடுத்த வருஷம் போட்டால் விளைச்சல் வராது.

காரிமங்கலம் கத்தரி: தம்பி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பி.டி. கத்தரி ஒட்டு இல்லை, ரகம். விதை எடுத்து வைக்கலாம். அந்த உரிமையை 2001-ஆம் வருஷச் சட்டமே உழவருக்குத் தந்திருக்கிறது. புழு பழகியதற்கு விதையை மட்டும் குறை சொல்லாதீர்கள். புழு பழகாமலிருக்கச் சுற்றிலும் சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்ற விதியை எத்தனை பேர் மதித்தோம்?

அரூர் பருத்தி: ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவன் புழுவுக்கென்று நாலு வரிசை விடுவானா? நடக்காது என்று தெரிந்தே எழுதிய விதி அது. கத்தரிக்கும் இப்படித்தான் ஒன்று எழுதுவார்கள்.

பென்னாகரம் ராகி: சாப்பிடுகிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள். பி.டி. பருத்திக் கொட்டைப் பிண்ணாக்கை மாடு தின்கிறது, அந்தக் கொட்டை எண்ணெயும் சமையலுக்கு வருகிறது. வாங்குகிற யாருக்காவது இது தெரியுமா? கத்தரி நம் மண்ணிலேயே பிறந்த பயிர். பக்கத்து வயல் மகரந்தம் என் நாட்டுக் கத்தரியில் கலந்தால் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு வேண்டாம்.

ஓசூர் வழக்கறிஞர்: இவ்வளவையும் தாங்கி நிற்பது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரபணு மாற்றப் பயிர்களுக்கும் சேர்த்து வந்த 1989 விதிகள்தான். தனி ஒழுங்குமுறை ஆணையத்துக்கான மசோதா 2013-ல் மக்களவைக்கு வந்து, நிறைவேறாமலே காலாவதியானது. மரபணு மாற்றக் கடுகுக்கு 2022-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அந்த ஒப்புதல் செல்லுமா என்பதில் மாறுபட்டார்கள், ஆனால் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். இதற்கிடையில் வெளி மரபணு சேர்க்காத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் விலக்கு தந்தாயிற்று. 2025 மே மாதம் அப்படி இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2010-ல் கத்தரிக்காக ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நமக்குப் பக்கத்தில் பெங்களூருதான். கத்தரி போடுகிற காரிமங்கலத்துக்காரர் அங்கே போய் எந்த மொழியில் பேசியிருப்பார்?

காரிமங்கலம் கத்தரி: சரி, தர்மபுரியில் கூட்டம் போடட்டும். விதை பொய்த்தால் யார் நஷ்டஈடு தருவார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். நான் நடத் தயார்.

அரூர் பருத்தி: அந்தத் தாளைக் கையெழுத்தோடு காட்டுங்கள் அண்ணா. அதுவரை தடை இருக்கட்டும்.